மீன் தொட்டியில் வாடும் செடிகளை மீட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரியமில வாயு உருளை, விலையுயர்ந்த தொட்டி மண் போன்ற வசதிகள் ஏதுமின்றி, வீட்டுக் கூடத்தில் 2 அடி அல்லது 3 அடித் தொட்டி வைத்து, குழாய் நீரையும் சாதாரண எல்.இ.டி. விளக்கையும் கொண்டு செடி வளர்ப்பவர்களுக்காக இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. முதல் இலை மஞ்சளானதும் பதறிப்போய், உரம், மருந்து, கூடுதல் வெளிச்சம், இடமாற்றம் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்துவிடுவதால்தான் தொட்டிச் செடிகளில் பல சாகின்றன என்பது என் கருத்து. ஆகையால் கீழே பல இடங்களில் ‘பொறுங்கள்’ என்ற சொல் சற்று அதிகமாகவே வரும்.

கடையில் செழிப்பாக இருந்த செடி, தொட்டியில் நட்ட சில நாட்களிலேயே இலை இலையாகக் கரைகிறது. கெட்ட செடியை விற்றுவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன், அனூபியாஸ், ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா முதலிய செடிகளைப் பெரிய பண்ணைகளில் நீருக்குள் வளர்ப்பதில்லை. வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, தண்டும் இலையும் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வளர்கின்றன. காற்றில் கரியமில வாயு தடையின்றிக் கிடைப்பதால் செடி வேகமாகப் பெருகும். பாசியும் நத்தையும் அண்டாது. பண்ணைக்காரருக்கு இரண்டுமே லாபம். இப்படிக் காற்றில் விரிந்த இலை தடிப்பாகவும், மேலே மெழுகுப் பூச்சோடும், வாயுவை உள்ளிழுக்கும் இலைத்துளைகளோடும் இருக்கும். அதை நீரில் மூழ்கடித்ததும் அந்த அமைப்பு பயனற்றுப் போகிறது. நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், பழைய இலைகளில் இருக்கும் சத்தைச் செடி திரும்ப எடுத்துக்கொண்டு, மெல்லிய, மெழுகற்ற புதிய இலைகளை விடத் தொடங்குகிறது. பழைய இலை கரைவது இந்த மாற்றத்தின் ஒரு பகுதி.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிதளவே. முழுவதும் கரைந்த இலைகளைக் காம்போடு கத்தரித்து எடுத்துவிடுங்கள்; அழுகும் இலை அம்மோனியாவை வெளியிட்டு மீனையும் வருத்தும். பாதிக்கு மேல் பச்சையாக உள்ள இலையை விட்டுவையுங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்குள் தண்டின் நுனியிலோ குருத்திலோ வடிவம் மாறிய புதிய இலை வந்தால் செடி தண்ணீருக்குப் பழகிவிட்டது என்று பொருள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் வாங்கும்போது, நீருக்குள்ளேயே வளர்ந்த செடியா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்கினால் இந்த இடைக்காலம் வெகுவாகக் குறையும்.

நடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கட்டாக விற்கும் தண்டுச் செடிகளை ஈயத் தகட்டாலோ ரப்பர் வளையத்தாலோ இறுக்கியிருப்பார்கள். அதை அப்படியே மண்ணில் செருகினால், இறுகிய இடத்தில் தண்டு நசுங்கி அழுகி, நல்ல செடி மேலே மிதந்து வரும். கட்டைப் பிரித்து, நசுங்கிய அடிப்பகுதியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு தண்டாக இடைவெளி விட்டு நட வேண்டும்.

கிரிப்டோகோரைன் இலைகள் இரண்டு நாளில் கண்ணாடிபோல் ஆகிக் கூழாகிவிட்டன. பிடுங்கி எறியலாமா?

எறியாதீர்கள். தொட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் வெண்ட்டி, பெக்கெட்டி, பார்வா ஆகிய கிரிப்டோகோரைன் இனங்கள் இலங்கையின் ஓடைகளுக்கே உரியவை. நீர்மட்டம் ஏறி இறங்கும் அத்தகைய இடங்களில் வாழ்வதால், சூழல் மாறும்போது இலையை உதிர்த்துவிட்டு, வேரிலும் அடித்தண்டிலும் உயிரை வைத்துக்கொண்டு காத்திருப்பது இவற்றின் இயல்பு. இடம் மாற்றி நட்டாலும், விளக்கை மாற்றினாலும், நீரின் வெப்பமோ கடினத்தன்மையோ திடீரென மாறினாலும் இப்படி நேரும்.

சந்தேகமாக இருந்தால் அடிப்பகுதியில் உள்ள மணலை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். வெண்மையான, இழுத்தால் எளிதில் அறாத வேர்களும், அவற்றின் தலையில் கெட்டியான ஒரு சிறு முண்டும் இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. அந்த முண்டின் உச்சியில் ஊசிமுனை அளவில் சுருண்ட குருத்து ஒன்று தெரியலாம். மணலை மீண்டும் மூடிவிட்டு, கூழான இலைகளை மட்டும் உறிஞ்சு குழாயால் அகற்றிவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய இலைகள் வரும். இடையில் பிடுங்கி வேறிடத்தில் நட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அனூபியாஸும் ஜாவா ஃபெர்னும் சாகவே சாகாத செடிகள் என்றார்கள். என் தொட்டியில் அடியிலிருந்து அழுகுகின்றனவே?

அநேகமாக அவற்றை மண்ணில் புதைத்திருப்பீர்கள். இந்த இரண்டிலும் இலைகள் ரைசோம் என்னும் தடித்த கிடைத்தண்டிலிருந்து கிளம்புகின்றன. அந்தத் தண்டு நீரோட்டத்தில் வெளியே இருக்க வேண்டும். சரளைக்குள் புதைந்தால் உயிர்வளியின்றி அழுகும். இயற்கையில் இவை பாறையையும் மரவேரையும் பற்றிக்கொண்டு வளர்பவை.

செடியை வெளியே எடுத்து, கிடைத்தண்டை நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல பகுதி பச்சையாக, இஞ்சித் துண்டுபோல் கெட்டியாக இருக்கும். கெட்ட பகுதி பழுப்பேறி, அழுத்தினால் உள்ளே வாங்கி, துர்நாற்றம் வீசும். கூரான பிளேடால், கெட்ட பகுதியைத் தாண்டி நல்ல பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிடுங்கள். இங்கே இரக்கம் காட்டக் கூடாது. அழுகல் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் அது பரவும். மிஞ்சிய துண்டு விரல் நீளமே இருந்தாலும், அதில் ஓர் இலைகூட இல்லாவிட்டாலும், கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டி நிழலான மூலையில் வைத்தால் மொட்டு விடக்கூடும். இவை மிக மெதுவாக வளர்பவை. நல்ல நிலையிலுள்ள அனூபியாஸே மூன்று, நான்கு வாரங்களுக்கு ஓர் இலைதான் விடும் என்பதால் அவசரப்படுவதில் பயனில்லை.

மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஓட்டை விழுந்த இலையும் மூடாது. சிகிச்சை பலித்ததா என்பதை, அதற்குப் பிறகு விரிந்த இலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இன்றைய நுனியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நினைவு இந்த விஷயத்தில் நம்பத்தக்கதன்று.

இலையைப் பார்த்தே எந்தச் சத்து குறைவு என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கெடுவது பழைய இலையா, புதிய இலையா என்பதுதான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்கு நகர்த்த முடியும். எனவே இவை குறையும்போது செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அடி இலைகள் முதலில் கெடுகின்றன. இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவற்றை அப்படி நகர்த்த முடியாது. அவை குறைந்தால் பழைய இலை நன்றாகவே இருக்க, புதிதாக வரும் இலை கெடும்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு. மீன் குறைவாகவும் செடி அதிகமாகவும் உள்ள தொட்டிகளில் இது மிகச் சாதாரணம். சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்தால் முதிர்ந்த இலையில் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளி தோன்றி, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் படர்ந்து, சில நாளில் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டையாகும். ஹைக்ரோஃபிலாவிலும் ஜாவா ஃபெர்னிலும் இது தெளிவாகத் தெரியும். பலர் இதை நத்தை கடித்த ஓட்டை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நத்தையோ மீனோ கடித்திருந்தால் அந்த மஞ்சள் விளிம்பு இருக்காது. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியத்தையும், அதே கோலம் குருத்திலையில் தெரிந்தால் இரும்பையும் சந்தேகிக்கலாம். குருத்து சுருண்டு, முறுக்கி, சிறுத்து வந்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ஆர்.ஓ. நீரை (சுத்திகரிப்புக் கருவியில் உப்பு நீக்கிய நீரை) மட்டும் ஊற்றும் தொட்டிகளில் இதைக் காணலாம்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். கரியமில வாயு ஏறி இறங்கினாலும் குருத்து முறுக்கும். வெளிச்சம் எட்டாவிட்டாலும் அடி இலை உதிரும். தண்டுச் செடி நெருக்கமாக வளர்ந்து மேற்பரப்பை மூடியிருந்தால், அடியில் தண்டு மொட்டையாவதற்கு எந்த உரமும் மருந்தாகாது. மேல்பகுதியை வெட்டி மீண்டும் நட்டு, மொட்டைத் தண்டை எடுத்துவிடுவதே வழி.

உரக்கடையில் கிடைக்கும் விவசாய உரங்களைத் தொட்டிக்கு இடலாமா?

தேர்ந்தெடுத்து, எடை போட்டு இட்டால் இடலாம். மீன் கடைகளில் சிறு புட்டியில் விற்கும் திரவ உரங்கள் பலவற்றிலும் இதே உப்புகள்தான் கரைந்துள்ளன. சொட்டுநீர்ப் பாசனத்துக்காக விற்கப்படும், நீரில் முழுவதும் கரையும் வகைகளையே வாங்க வேண்டும். யூரியா கூடவே கூடாது. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவைக் காட்டும் எண்கள்) போன்ற கலவைகளில் யூரியாவும் அம்மோனியமும் கலந்திருப்பதால் அவையும் மீனுள்ள தொட்டிக்கு ஆபத்து.

100 லிட்டர் நீருக்கான கணக்கைத் தருகிறேன். 13:0:45 என்று விற்கப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 1.6 கிராம் இட்டால் நைட்ரேட் ஏறத்தாழ 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லி கிராம்) உயரும். கூடவே பொட்டாசியமும் 6 பிபிஎம் அளவு சேரும். 0:52:34 எனப்படும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 0.15 கிராம் இட்டால் பாஸ்பேட் 1 பிபிஎம் கூடும். பொட்டாசியம் மட்டும் தேவையென்றால் 0:0:50 எனப்படும் பொட்டாசியம் சல்பேட் 2.4 கிராம் அதை 10 பிபிஎம் உயர்த்தும். எப்சம் உப்பு 5 கிராம், மக்னீசியத்தை 5 பிபிஎம் உயர்த்தும். இரும்புக்கு, 12 விழுக்காடு இரும்புள்ள இ.டி.டி.ஏ. (இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சேர்மம்) தூளை 5 கிராம் எடுத்து 500 மில்லி லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 100 லிட்டருக்கு 10 மில்லி லிட்டர் வீதம் இட்டால் 0.1 பிபிஎம் கிடைக்கும். காரத்தன்மை மிகுந்த நீரில் இந்த இரும்பு விரைவில் வீணாகிவிடும் என்பதால், அத்தகைய நீர் உள்ளவர்கள் டி.டி.பி.ஏ. வகையைத் தேடி வாங்குவது நல்லது.

எளிய தொட்டிக்கு வாரம் ஒருமுறை, நீர் மாற்றிய பிறகு, மேற்சொன்ன நைட்ரேட் அளவில் பாதியிலிருந்து தொடங்கினால் போதும். உணவு உண்ணும் மீன் நிறைய இருந்தால் தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிவிலிருந்தே ஓரளவு கிடைத்துவிடும். பொட்டாசியமும் இரும்பும் அப்படிப் போதுமான அளவு கிடைப்பதில்லை. நீரின் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர் என்றாலும், சரளை, கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் நீர் 45 லிட்டர் அளவே இருக்கும்.

விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்?

நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம். வாடும் செடியைக் காப்பாற்ற வேண்டுமென்று 12 மணி நேரம் எரியவிடுபவர்கள், செடிக்குப் பதிலாகப் பாசியை வளர்க்கிறார்கள்.

வெளிச்சம் கூடக்கூடச் செடியின் பசியும் கூடும். கரியமில வாயுவும் சத்தும் அதற்கு ஈடாகக் கிடைக்காதபோது, அந்த வெளிச்சம் செடிக்குச் சுமையாகிறது. பாசிக்கோ மிகச் சொற்ப சத்தே போதும். எனவே தொட்டி நலிந்திருக்கும்போது வெளிச்சத்தைக் குறைப்பதே என் முதல் ஆலோசனை. எளிய செடிகளுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 20 முதல் 30 லூமென் வெள்ளொளி போதும். நீலமும் சிவப்புமாக மினுங்கும் அலங்கார விளக்குகள் மீனின் நிறத்தைக் காட்டத்தான் உதவும். நேரத்தைக் கையால் கட்டுப்படுத்த முயலாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமரைப் பொருத்திவிடுங்கள். சன்னல் வெயில் தொட்டியில் நேராக விழுந்தால் தண்ணீரே பச்சையாகிவிடும். திரைச்சீலை போடுங்கள் அல்லது தொட்டியை நகர்த்துங்கள்.

கரியமில வாயு உருளை இல்லாமல் செடி வளராதா? திரவக் கார்பன் வாங்கலாமா?

வளரும். மெதுவாக வளரும், அவ்வளவுதான். உருளை வைத்திருப்பவர்கள் நீரில் 30 பிபிஎம் வரை வாயுவை ஏற்றுகிறார்கள். காற்றோடு சமநிலையில் உள்ள நீரிலோ 1 பிபிஎம் அளவுகூட இருக்காது. ஆயினும் அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் முதலியவை குறைந்த வெளிச்சத்தில் இதைக்கொண்டே வாழ்ந்துவிடும். வல்லிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் ஆகியவற்றுக்கு இன்னொரு திறமையும் உண்டு: கடினநீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தும் அவை கார்பனை எடுத்துக்கொள்ளும். தரைவிரிப்பாகப் படரும் சிறு செடிகளும், சிவப்பு இலைச் செடிகள் பலவும் உருளை இல்லாத தொட்டியில் தொடர்ந்து நலிகின்றன என்றால், குறை உங்கள் கவனிப்பில் இல்லை, செடியின் தேர்வில்தான்.

திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே வேதிப்பொருள். அது பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வல்லிஸ்னேரியாவையும் கரைத்துவிடக்கூடும், கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் தீங்கானது. நலிந்த செடிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெறும் சரளைக்கல்லில் அமேசான் ஸ்வோர்டு வளருமா?

நட்டு விட்டால் மட்டும் வளராது. ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன், வல்லிஸ்னேரியா ஆகியவை பெரும்பகுதி உணவை வேரால் எடுப்பவை. சரளையில் சத்து ஏதும் இல்லை. செடியின் அடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, தொட்டிக்கென விற்கப்படும் உர மாத்திரையை ஆழமாகச் செருகி, இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் நிலைமை மாறும். சரளை 2 அல்லது 3 மில்லி மீட்டர் பருமனும், 5 முதல் 7 சென்டி மீட்டர் ஆழமும் உள்ளதாக இருக்கட்டும். கோலிக்குண்டு அளவுள்ள வண்ணக் கற்களுக்கிடையே வேர் பிடிப்பதில்லை; கழிவுதான் தேங்கும். நடும்போது வேர் மட்டும் உள்ளே போக வேண்டும். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும்.

மண்ணைக் கிளறும்போது கறுப்புத் திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால், அங்கே உயிர்வளி இல்லை என்று பொருள். ஒரே நாளில் முழுவதும் கிளறிவிடாமல், பகுதி பகுதியாகக் குச்சியால் குத்தி, நீரையும் மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். அது செடிக்கு ஆகாதா?

பொதுவாக நினைப்பதுபோல் அவ்வளவு மோசமில்லை. கடினநீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய உண்டு. வல்லிஸ்னேரியா அதில் கொழிக்கும். வயல் வரப்பில் நீர்ப்பிரமியாக நாம் அறிந்த பாக்கோபாவும் ஓரளவு தாங்கும். ஆனால் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்தால், அதாவது உப்பு நாக்குக்கே தெரிந்தால், அது வேறு கதை. அப்போது அதில் பாதியளவு ஆர்.ஓ. நீரைக் கலந்து பயன்படுத்த வேண்டும். முழுக்க ஆர்.ஓ. நீரை ஊற்றுவதும் தவறு. மேலே சொன்ன குருத்து முறுக்கல் அங்கேதான் தொடங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தியிருக்கும் மென்னீராக்கும் கருவியைக் கவனியுங்கள். அது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தைக் கலக்கிறது. துணி துவைக்க நல்லது. செடிக்கு இரட்டை நட்டம். அந்தக் கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து நீர் பிடிக்க முடியுமா என்று பாருங்கள்.

மீனுக்கு நல்லது என்று கல் உப்பு போடச் சொன்னார்கள். செடி அதைத் தாங்குமா?

பல செடிகள் தாங்குவதில்லை. உப்பு ஆவியாவதும் இல்லை; நீரை மாற்றினாலொழியத் தொட்டியிலேயே தங்கும். நோயுற்ற மீனைத் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்து மருத்துவம் செய்யுங்கள். மெத்திலீன் புளூ என்னும் மீன் மருந்துக்கும் இதே விதி. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களென்றால், ஒரு வாரத்துக்குள் மூன்று முறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் உப்பின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் செடிகள் சோர்ந்துவிடுவது ஏன்?

கோடையில் குளிரூட்டாத அறையிலுள்ள தொட்டி நீர் 32 பாகை செல்சியசைத் தாண்டும். பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு 22 முதல் 28 பாகை வரை உகந்தது. வெப்பம் ஏறும்போது செடி சுவாசிப்பதற்கே அதிக மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. ஒளிச்சேர்க்கை அதை ஈடுகட்டுவதில்லை. நீரில் கரையும் உயிர்வளியும் குறைகிறது: 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மில்லி கிராம் கரையுமென்றால், 32 பாகையில் 7.3 மில்லி கிராம்தான். மாஸ் வகைகளும் அனூபியாஸும் முதலில் முகம் வாடும். ஹைட்ரில்லாவும் வல்லிஸ்னேரியாவும் கடைசி வரை நிற்கும்.

மூடியைத் திறந்து, சிறு மேசை விசிறியை நீரின் மேற்பரப்பில் சாய்வாக வீசவிட்டால், ஆவியாதலால் 2 முதல் 3 பாகை வரை குறையும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் பலன் சற்றுக் குறைவாக இருக்கும். குறைந்த நீரை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள், ஆவியாவது நீர் மட்டுமே என்பதால், போர் நீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். விளக்கு எரியும் நேரத்தை நண்பகலிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள். கோடையில் கிரிப்டோகோரைனைப் பிரித்து நடுவது, மண் மாற்றுவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். பனிக்கட்டியை நீரில் போட்டு ஒரே மணியில் குளிர்விப்பது மீனுக்கும் செடிக்கும் கேடு.

இலைகளின் மேல் பாசி படிந்துவிட்டது. இலையைத் துடைக்கலாமா?

எந்தப் பாசி என்பதைப் பொறுத்தது. புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் போன்ற படிவை விரலால் தேய்த்தாலே போய்விடும். சில வாரங்களில் தானாகவும் அடங்கும். கண்ணாடியிலும் அனூபியாஸ் இலையிலும் பச்சைப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும் வகை, வெளிச்சம் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் இருப்பதைக் காட்டலாம். நீலப்பச்சையாக, தோல்போல் உரியும் வழுவழுப்பான படலம் பாசியே அல்ல. அது ஒரு வகைப் பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று நாள் முழு இருட்டில் மூடி வைத்து, பிறகு நீரை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் ஏர் பம்ப் ஓட வேண்டும்.

இலை விளிம்பில் கருந்தாடிபோல் முளைப்பதுதான் பிடிவாதமானது. நிறம் எப்படித் தெரிந்தாலும் அது செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. மிக மோசமான இலைகளை வெட்டிவிடுங்கள். எஞ்சியவற்றுக்கு, கல்லோடு செடியை வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை (6 விழுக்காடாகக் கிடைத்தால் சம அளவு நீர் கலந்து) தூரிகையால் பாசிமீது மட்டும் தடவி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து நல்ல நீரில் அலசித் திரும்ப வையுங்கள். சில நாளில் பாசி சிவந்து பின் வெளுத்தால் செத்துவிட்டது. அனூபியாஸின் தடித்த இலைக்கு இது சரி. மாஸ், வல்லிஸ்னேரியா போன்ற மெல்லிய செடிகளில் முயலாதீர்கள்.

நத்தைகள் செடியைத் தின்கின்றனவா?

தொட்டியில் தானாகப் பெருகும் சிறு நத்தைகள் அழுகும் இலையைத்தான் தின்னும். அவை ஓர் இலையில் கூடியிருந்தால் அந்த இலை ஏற்கெனவே சாகத் தொடங்கியிருக்கும். குளத்திலும் வயலிலும் காணப்படும் பெரிய உருண்டை நத்தை வேறு. அது பச்சைச் செடியையே மேயும். மீன்களில் கோல்டு ஃபிஷ், சில்வர் டாலர் இரண்டும் இருக்குமிடத்தில் மென்மையான செடியை மீட்கும் முயற்சியே வேண்டாம்.

என்ன செய்தாலும் மீளாத செடி உண்டா?

உண்டு. நீர்ச்செடி என்ற பெயரில் தரைச்செடிகளும் மீன் கடைகளில் விற்கப்படுகின்றன. லக்கி பாம்பூ, சிங்கோனியம், மோண்டோ புல், ஊதா இலையுள்ள ஹெமிகிராஃபிஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. முழுவதும் மூழ்கிய நிலையில் இவை சில வாரங்களோ சில மாதங்களோ தாக்குப்பிடித்து, பிறகு அழுகும். தண்ணீருக்குள் ஒரு மாதமாகியும் ஒரு புதிய இலைகூட விரியவில்லையென்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். எடுத்து மண் சட்டியில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். சிங்கோனியத்தை வேர் மட்டும் நீரில் தொங்கும்படி தொட்டி விளிம்பில் வைத்தால் நன்றாக வளர்ந்து நைட்ரேட்டையும் உறிஞ்சும்.

எல்லாச் செடிகளும் ஒரே நேரத்தில் வாடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

முதல் நாள், அழுகியவற்றையெல்லாம் அகற்றி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மாற்றும் நீர் குளோரின் நீக்கப்பட்டதாக இருக்கட்டும். ஃபில்டரின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நீர் மாற்றுவதைத் தவிர இரண்டு வாரம் எதையும் தொடாதீர்கள்.

இடைக்காலத்தில் ஹார்ன்வார்ட் அல்லது ஹைட்ரில்லா ஒரு கைப்பிடி மிதக்கவிடுவது நல்ல உத்தி. அவை வேகமாக வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்சும். பாசிக்குப் போகும் சத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். நலிந்த செடிக்கு நிழலும் தரும். மூன்றாம் வாரம் குருத்துகளைப் பார்த்து, குறை தெரிந்தால் ஒரே ஒரு சத்தை மட்டும் சேர்த்து, மீண்டும் இரண்டு வாரம் கவனியுங்கள். ஒரே நாளில் உரம், புது விளக்கு, புது நீர் என மூன்றையும் மாற்றினால், செடி தேறினாலும் சரி, செத்தாலும் சரி, எதனால் என்று தெரியவே தெரியாது.

வெட்டியெடுத்த செடிகளை அருகிலுள்ள குளத்தில் விடலாமா?

விடவே கூடாது. ஆகாயத்தாமரையும் சால்வினியாவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடியவை. தொட்டிகளில் நாம் அழகுக்காக வளர்க்கும் கபோம்பாவின் ஓர் இனம், கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப் பாண்டியில் ஓடை நெடுகப் பரவி, 2020-இல் இளஞ்சிவப்பாகப் பூத்து, பார்க்கக் கூட்டம் திரண்டது. பூ அழகானதுதான், ஆனால் அந்த நீரில் பிற செடிகளுக்கு இடமில்லாமல் போகிறது. கபோம்பாவும் ஹைட்ரில்லாவும் ஒரு சிறு தண்டுத் துண்டிலிருந்தே மீண்டும் முளைக்கும் என்பதால் கழிவுநீர்க் கால்வாயிலும் போடாதீர்கள். வெட்டியவற்றை வெயிலில் சருகாகக் காயவைத்து, பூச்சட்டிகளுக்கு உரமாக இடுங்கள்.